மூன்றடியில் நன்னீர்

பார்க்காத பொருளைப் பற்றி எழுதுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. உடுத்தாத பட்டுச் சேலை, தின்னாத ஊறுகாய், படுக்காத மெத்தை என்று எதைக் கொடுத்தாலும் அரைப் பக்கம் எழுதிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு. நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலுக்கு வெளியே காய்ந்து கிடக்கும் மலை. மதுரையில் நோட்டீஸ் அடிக்கிறவர்களும் கப்பலூரில் சின்னதாகக் கம்பெனி வைத்திருப்பவர்களும் போன் செய்வார்கள், நான் எழுதிக் கொடுப்பேன். இருபது வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்து, இதெல்லாம் நிஜமா என்று கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனை விற்கிறவர் ஒருவர் வந்தார். ராமநாதபுரத்துக் கடலோரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு மீனவக் குடியிருப்பு, அதை ஒட்டி மனை போட்டிருக்கிறார். "ஊர் பேரு யாருக்கும் தெரியாது சார், அதுதான் நமக்கு ப்ளஸ். ஊரப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க. சுத்திப் பாக்க வாரவனும் மயங்கணும், முதலீடு பண்ண வாரவனும் மயங்கணும்" என்றார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு சார் வெயில்ல அலைச்சல்?" என்று ஆறு போட்டோவும் நீளமான ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பினார். வெயிலில் அலைய எனக்கும் ஆசையில்லை. அந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரே மனசு.

எழுதினேன். ஆர்ப்பரிக்கும் அலைகள் என்று எழுதினேன். நெடுஞ்சாலையிலிருந்து ஐந்தே நிமிடம் என்று எழுதினேன். போட்டோ ஒன்றில் ஒரு பெண் மணலில் தோண்டிய குழி ஓரமாகக் குந்தி, தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரை மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே மூன்று அடி தோண்டினால் நல்ல தண்ணீர் என்று வாய்ஸ் மெசேஜில் ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். "மூன்றே அடியில் தேனாய் ஊறும் நன்னீர்! மனைக்கு மனை சொந்த ஆழ்துளைக் கிணறு!" எழுதி முடித்ததும் எனக்கே தாகம் எடுத்தது, எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

அந்த நோட்டீஸ் உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் போய், என் மாமனார் கையில் சிக்கியது.

மாமனாருக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். வானம் பார்த்த புன்செய்க் காடு கொஞ்சம், மாடு இரண்டு. மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று ஊரில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தட்டுறாரு" என்பார். அதற்கு மேல் விளக்க அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரு காலையில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே ஆதார் அட்டை, அதை ஒட்டி மடித்த நிலையில் என் நோட்டீஸ்.

"மாப்ள, இது நீங்க எழுதுனதாம்ல? மகதேன் போனுல சொல்லுச்சு."

"ஆமா மாமா."

"மூணு தடவ படிச்சேன். மூணாவது தடவ கண்ணு கலங்கிருச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதுகிறவன் சாகும்வரை காத்திருந்தாலும் கிடைக்காத பாராட்டு. காபிக்குச் சொல்ல உள்ளே போகப் பார்த்தேன். அப்போதுதான் அவர், "காட்டக் குடுத்துட்டு அங்கன ஒரு எடத்த வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"எண்ணூறு அடி போரு போட்டேன், புழுதிதேன் வந்துச்சு. பொறந்ததுலருந்து வானத்தப் பாத்துப் பாத்துக் கழுத்துதேன் வலிக்கிது. இனி இருக்குற காலத்துக்காவது தண்ணியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும் மாப்ள. வேற எவனும் எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். வெளம்பரம்னா அடிச்சு விடுவாய்ங்கன்னு எனக்குத் தெரியாதா? இது நீங்க எழுதுனது."

பக்கத்துக் காட்டுக்காரர் ரொம்ப நாளாகவே அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை இடத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே போனில் முடிவு சொல்வதாக மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அவர் போனதும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "அந்தக் காடு போச்சுன்னா அப்பா நாலு மாசம் தாங்க மாட்டாரு. பாக்காமத்தான் எழுதுனேன்னு நீங்களே சொல்லிருங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் கண்ணில் நான் ஒரு ஆளாகத் தெரிந்திருக்கிறேன். அதை நானே போட்டு உடைக்க மனசு வரவில்லை. கடலை நேரில் பார்த்தால் அவரே தெளிந்துவிடுவார், உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மனை விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக வேன் விடுவார்கள். காலையில் இட்லி பொட்டலம், மதியம் பிரியாணி, நடுவில் மனை. மதுரை காளவாசலில் நானும் மாமனாரும் ஏறினோம். அவர் சலவைச் சட்டையும் புது வேட்டியுமாக இருந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரு களைக்கொத்து. எதற்கு என்று கேட்டேன். "மண்ணக் கொத்திப் பாக்காம எப்பிடி மாப்ள?" என்றார்.

வேன் கிளம்பியதும், டை கட்டிய விற்பனைத் தம்பி மைக்கைப் பிடித்து என் நோட்டீஸை ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்தார். முன்சீட்டில் இருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர், "யாரு எழுதுனதுன்னு தெரியல, அழகா எழுதியிருக்காங்க" என்றார். அவ்வளவுதான், மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "எங்க மாப்ளதேன்! இந்தா, பக்கத்துலதேன் இருக்காரு!"

மொத்த வேனும் திரும்பியது. கேள்விகள் கிளம்பின.

"சார், அங்க கொசு உண்டா?"

"கடல் காத்துல கொசு நிக்காதுங்க" என்றேன்.

"மீன் நாத்தம் அடிக்குமோ?"

"பழகிட்டா வாசமாத் தெரியும்."

எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை துணிச்சல்! மாமனார் ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு பெருமையாக எல்லோரையும் பார்த்தார்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு, என்னுடைய ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் நீடித்தது. இருபுறமும் கருவேலங்காடு, நடுவில் எலும்பை எண்ணிப் பார்க்கும் ரோடு. இதைப் பார்த்தே மாமனார் மனம் மாறிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அவரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "நம்ம பக்கம் மாதிரியே இருக்கு மாப்ள. அந்நியமாவே தெரியல" என்று சந்தோஷப்பட்டார்.

கடல் வந்தது. ஆர்ப்பரிக்கும் அலையைத் தேடினேன். ஒன்றையும் காணோம். அந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தானாம், வருஷத்தில் பாதி நாள் நிரம்பிய கண்மாய் மாதிரி அசையாமல் கிடக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றார். இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார், வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தார்.

"அம்புட்டும் தண்ணி! மடை எங்கன மாப்ள இருக்கு?"

"மடை கெடையாது மாமா."

"மடையில்லாம எப்பிடித் தெறந்து விடுவாக?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் தூ என்று துப்பினார். ஆகா, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் அவர் நேரே கரையேறி, மனைக் கற்கள் நட்டிருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து களைக்கொத்தை எடுத்தார்.

முக்கால் மணி நேரம் கொத்தினார். இரண்டடியில் மணல் ஈரமானது. மூன்றடியில் குழியின் அடியில் தண்ணீர் கசிந்து தேங்கியது. தெளியும்வரை காத்திருந்து உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். பிறகு கடற்கரையே கேட்கும்படி கத்தினார்.

"மாப்ள! நீங்க எழுதுனது நெசந்தேன்! நெசந்தேன் மாப்ள!"

நானும் குடித்துப் பார்த்தேன். இளநீர் தோற்றுவிடும். என் பிழைப்பில் நான் எழுதிய ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு உண்மையா என் கழுத்தைப் பிடிக்க வேண்டும்? அவர் காடு என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அந்த நேரத்தில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் நோட்டீஸின் மூன்றாம் பக்கத்தில் இருந்தவர். குழியை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு மேல தோண்டிராதீக. மேலாக்கத்தான் நல்ல தண்ணி. ஆழம் போனா உப்பு ஏறிரும்."

மாமனார் கை அப்படியே நின்றது. "ஊருக்கே இதுதேன் தண்ணியாம்மா?"

"இதுதான். செரட்டையில மோந்து மோந்துதான் எடுக்கணும். அங்கிட்டு ஒரு பண்ணைக்காரரு போரு போட்டு மோட்டார வச்சாரு. ரெண்டே வருசம், அந்தப் பக்கத்து ஊத்து அம்புட்டும் உப்பாப் போச்சு. அந்தச் சனம் இப்ப லாரித் தண்ணிக்குக் குடத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிதுக."

மாமனார் எழுந்தார். வரிசை வரிசையாக நட்டிருந்த மனைக் கற்களைப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து நோட்டீஸை எடுத்து, மனைக்கு மனை ஆழ்துளைக் கிணறு என்ற வரியில் விரலை வைத்தார்.

"இம்புட்டுக் கல்லுக்கும் ஒவ்வொரு போரா?"

நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எங்க ஊருல மொத போரு நாந்தேன் போட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். "தண்ணி பீச்சி அடிச்சப்ப ஊரே கூடி நின்னு மாலை போட்டுச்சு. பெறகு ஆளாளுக்குப் போட்டாக. அஞ்சாறு வருசத்துல இருந்த கெணறு அம்புட்டும் வத்திப் போச்சு. அப்ப எனக்குத் தெரியாதும்மா."

பிறகு உட்கார்ந்து, தோண்டிய மணலை இரண்டு கையாலும் குழிக்குள் தள்ளி மூட ஆரம்பித்தார். "விடுங்கண்ணே, காத்தே மூடிரும்" என்றார் அந்தப் பெண். அவர் கேட்கவில்லை. மூடி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, எழுதுறதுக்கு முன்னாடி வந்தப்ப, இந்தம்மாட்ட ஒரு வார்த்த கேக்கலையா?"

"நான் வரவே இல்ல மாமா. இன்னைக்குத்தான் மொத தடவ பாக்குறேன்."

சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நோட்டீஸில் தன் படத்தைக் கண்டுகொண்டு, "அட, நான் தண்ணி மோக்குறதப் பாத்தா இம்புட்டும் எழுதுனீக?" என்று சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேன் நின்ற இடத்தில் சாப்பாட்டுக்காகப் போட்டிருந்த சாமியானா பந்தலுக்குத் திரும்பினோம். பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் பேனாவுமாக முன்பதிவுப் படிவத்தின் முன்னால் இருந்தார். மாமனார் நேரே டை கட்டிய தம்பியிடம் போனார். "தம்பி, எங்க மாப்ள ரெண்டு வார்த்த பேசணுமாம்" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. தம்பிக்கு ஒரே உற்சாகம். "இப்போது நமது எழுத்தாளர் சார் அவர்களே" என்று அறிவித்து மைக்கை என் கையில் திணித்தார்.

மாமனார் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். தப்பிக்க வழியில்லை. ஐந்து நிமிடம் என்பது பொய் என்று ஆரம்பித்தேன். அதற்கு யாரும் அதிர்ச்சி அடையவில்லை, எல்லோரும் அதே வேனில்தான் வந்திருந்தார்கள். அலை கிடையாது, கொசுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தண்ணீர் நிஜம்தான், ஆனால் மனைக்கு மனை போர் போட்டால் உங்களுக்கும் மிஞ்சாது, இந்த ஊருக்கும் மிஞ்சாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி ஒயரைப் பிடுங்கிவிட்டார். மிச்சத்தை மைக் இல்லாமல் சொன்னேன். டீச்சரம்மா பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டார். பின்வரிசையில் ஒருவர், "பிரியாணியாவது நெசமா இருக்கேப்பா" என்று மறுபடி தட்டை நீட்டினார்.

திரும்பும்போது வேனில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. தம்பி டையைத் தளர்த்திக்கொண்டு டிரைவர் பக்கத்தில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். இனி அந்த மனை விற்கிறவர் எனக்கு எழுத வேலை தரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதைவிட, பக்கத்தில் இருந்த மாமனார் ஒரு வார்த்தை பேசாததுதான் தாங்க முடியவில்லை. மன்னிச்சிருங்க மாமா என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், வெளியே வரவில்லை.

மானாமதுரை தாண்டியதும் அவர் போன் அடித்தது. பக்கத்துக் காட்டுக்காரர். மாமனாருக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கத்தித்தான் பேசத் தெரியும்.

"இல்லப்பா, காடு குடுக்கல. நானே வச்சுக்கிறேன்."

"என்னண்ணே, எடம் சரியில்லையா?"

"எடம் நல்ல எடந்தேன். தண்ணியும் நல்ல தண்ணி. அது அந்த ஊருச் சனத்துக்கே காணாது. நாம போயி அதுல வாய வைக்கக் கூடாது."

"பெறகு எதுக்குண்ணே அம்புட்டுத் தூரம் போனீக? ஒங்க மாப்ளதான எழுதுனாரு? சரியா எழுதலயோ?"

மொத்த வேனும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"சேச்சே, அதெல்லாம் நல்லாத்தேன் எழுதியிருந்தாரு. அதுதேன்ப்பா சிக்கலே."