ஆற்றில் மிச்சம் பிடித்த காசு

சோரியாங்குப்பத்து வினோதினிக்கு ஒரு பத்து ரூபாய்த் தாளை மாற்ற மனசே வராது. கடலூரில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் ஜூஸ் கடைப் பக்கம் திரும்பினால் இவளுக்கு உடனே தொண்டை வலி வந்துவிடும். வருஷம் முழுக்கத் தொண்டை வலிக்கிற ஒரு பெண்ணை அந்தக் கல்லூரி அதற்கு முன் பார்த்திருக்காது. யாராவது வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டாள். அடுத்த முறை நாம் வாங்கிக் கொடுக்க வேண்டிவருமே என்ற யோசனை. கஞ்சப் பிசினாறி என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அது கஞ்சத்தனமில்லை, பயம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பயம் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா பக்கிரிசாமி கொத்தனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரம் சரிந்து விழுந்தார். செய்தி வந்தபோது நல்ல மத்தியானம். வீட்டில் மொத்தம் எழுபது ரூபாய் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனை வெளியே எடுத்துவரச் சொன்னார்கள், நாலாயிரம் ஆகுமாம். அம்மா கோகிலாம்பாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள், வினோதினி பின்னாலேயே போனாள். கதவைத் திறந்தவர்களின் முகம், அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே மாறிவிட்ட முகம், அதை அவள் மறக்கவேயில்லை. பணம் புரண்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார், கால்தான் பழையபடி வரவில்லை. இப்போது விந்தி விந்தி வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். அன்றைக்கு நாலாயிரம் கையில் இருந்திருந்தால் அந்தக் கால் தப்பித்திருக்கும் என்று வினோதினி நம்பினாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாக நம்பினாள்.

ஆகவே மிச்சம் பிடிக்க வேண்டும். படிக்கிற பெண்ணுக்கு ஏது வருமானம்? இருந்தது பஸ் காசுதான். அவளுக்கும் கடலூரிலேயே ஒன்பதாம் வகுப்பு படிக்கிற தங்கை நிவேதாவுக்கும் அம்மா தினம் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுப்பாள். ஊரிலிருந்து கிளம்பும் தனியார் பஸ் பாகூரைச் சுற்றிக்கொண்டு கடலூர் போகும்; போகப் பத்து, வரப் பத்து. ஆனால் ஊருக்குத் தெற்கே ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் யூனியன் பிரதேசம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மணலில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் போதும். பெரும்பாலான நாட்களில் கணுக்காலுக்குத்தான் தண்ணீர்.

வினோதினி இதில் செருப்புத் தேய்வதைக்கூட மிச்சம் பிடித்தாள். வீட்டிலிருந்து பழைய ரப்பர் செருப்பில் வந்து, அதைக் கரையிலிருக்கும் கருவேல மரத்தடியில் விட்டுவிட வேண்டும். ஆற்றை வெறுங்காலில் கடந்து, பைக்குள் இருக்கும் நல்ல செருப்பை அக்கரையில் மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது மறுபடி பழைய செருப்பு. மிச்சமான காசெல்லாம் பரண்மேல் இருந்த தூக்குச்சட்டிக்குள் போனது. பஸ்ஸில் போகவில்லை என்பது அப்பா அம்மாவுக்குத் தெரியாது.

நிவேதாவைப் பழக்கியதும் அவள்தான். முதல் நாள் அந்தப் பெண் ஆற்று நடுவில் நின்றுவிட்டாள். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறதோ, பயமாக இருக்கிறது என்றாள். வினோதினி அங்கேயே வைத்து அப்பா விழுந்த கதையைச் சொன்னாள். எழுபது ரூபாய், மாறிப்போன முகங்கள், ஒன்று விடாமல். பிறகு நிவேதா பஃப்ஸ் கேட்டாலும் அதே கதை, வளையல் கேட்டாலும் அதே கதை. நாளாக ஆகக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அக்காவுக்கு வகுப்பில்லாத நாட்களில் தனியாகவே போய்வந்து, இருபது ரூபாயைத் தூக்குச்சட்டியில் போட்டாள். வினோதினிக்குப் பெருமை தாங்கவில்லை.

அது கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. பரீட்சைக்கு லீவு விட்டிருந்ததால் வினோதினி வீட்டில் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நிவேதா காலையில் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போயிருந்தாள். ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. நாலு மணி தாண்டி மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. மேலே அணையைத் திறந்திருக்கிறார்கள், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனது.

வினோதினி உள்ளே ஓடினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லி நிறுத்திவைக்கலாமென்று போனை எடுத்தாள். அது ரீசார்ஜ் தீர்ந்து பதினோரு நாளாகியிருந்தது. பரீட்சை லீவில் எதற்கு என்று அவள்தான் போடாமல் விட்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சகாயராணியிடம் ஓடினாள்.

"இன்னாடி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது?" என்று கேட்டுக்கொண்டே அவள் போனைக் கொடுத்தாள்.

வெள்ளம் வருகிறதென்று மூன்றரைக்கே பிள்ளைகளை விட்டுவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மூன்றரைக்கு விட்டால், டவுன் பஸ் பிடித்து, நாலேகாலுக்கு அக்கரையில் இறங்கியிருப்பாள். போனில் மணி பார்த்தாள். நாலு இருபது.

அவள் ஓடியதைத் தெருவே பார்த்தது. கரையேறியபோது ஆறு வேறு ஆறாக இருந்தது. காலையில் மணல் தெரிந்த இடமெல்லாம் செந்தண்ணீர், நுரையும் வைக்கோலும் ஆகாயத்தாமரையுமாக இழுத்துக்கொண்டு போனது. சத்தம் காதை அடைத்தது. அக்கரையில் ஒருவரும் இல்லை. கருவேல மரத்தடிக்குப் போனாள்.

நிவேதாவின் பழைய செருப்பு அங்கேயே இருந்தது. வலது வாரில் ஊக்குக் குத்திய செருப்பு.

கடந்து வந்திருந்தால் அதை மாட்டிக்கொண்டு போயிருப்பாள். அக்கரையில் நின்றிருந்தால் கண்ணில் பட்டிருப்பாள். இரண்டுமில்லை என்றால் மீதி என்ன என்று நினைக்க வினோதினிக்குத் துணிவில்லை. சரிவில் இறங்கப் போனவளை, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த மணிவண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எறங்காதம்மா. ஆள இழுத்துடும்."

யாராவது கடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இப்போதுதான் வருகிறேன், பார்க்கவில்லை என்றார். வாழைத் தோப்பிலிருந்து ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்று ஓடினார். அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்குச்சட்டியில் பதினோராயிரத்துச் சொச்சம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள், தங்கையைக் கொடு என்று யாரிடமோ கெஞ்சினாள். பயமாக இருக்கிறது என்று நிவேதா சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். அதற்குமேல் சொல்லவிடாமல் செய்தது தான்தான் என்பது அப்போது புரிந்தது. அம்மாவிடம் போய் என்ன சொல்வது? இருபது ரூபாய்க்காக அனுப்பினேன் என்றா?

பின்னால் காய்ந்த முள் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஊர்ப் பக்கமிருந்து, நல்ல செருப்புப் போட்ட கால்களோடு, நிவேதா வந்துகொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

வினோதினி எழுந்து போய் அவள் தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள். பாவாடை நனையவில்லை. ஓரம்கூட நனையவில்லை.

"எப்டிடி வந்த?"

"பஸ்ல," என்றாள் நிவேதா.

அக்கா கூட வராத நாளெல்லாம் பஸ்தானாம். அக்காவுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று செருப்பை மட்டும் வந்து மரத்தடியில் விட்டுவிட்டு, ரோட்டுக்குத் திரும்பி நடந்து பஸ் ஏறுவாளாம். வரும்போது மறுபடி செருப்பை எடுக்க வருவாளாம். அப்படியானால் தூக்குச்சட்டியில் போட்ட காசு ஏது? வகுப்புப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் இதயம், செம்பருத்திப் பூ என்று வரைந்து கொடுப்பாளாம், படத்துக்கு ஐந்து ரூபாய். இருபதுக்குக் குறைந்தால் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து வரைவாளாம்.

"ஆத்துக்குப் பயம்னா என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா நீ அப்பா வுழுந்த கதைய சொல்லுவ," என்றாள் நிவேதா. "ஆத்தவிட அதுக்குத்தான்க்கா பயம்."

வினோதினி கீழே கிடந்த பழைய செருப்பையே பார்த்தாள். அதைக் கோபமென்று நினைத்துக்கொண்டது அந்தப் பெண். அவசர அவசரமாக ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஐந்து ரூபாய்க் காசு நாலை எடுத்து நீட்டியது.

"இந்தாக்கா, இன்னிக்குக் காசு. கொறையல."

வினோதினி கையை நீட்டவில்லை. நிவேதா அக்காவின் முகத்தைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள்.

"திட்டாதக்கா," என்றாள். "தண்ணி வடிஞ்சதும் ஆத்துலயே வந்துடறேன்."