அக்கா போட்ட கையெழுத்து

அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓர் ஆண்டு நிறைகிறது. "அந்த வயசுல அவ்ளோ பெரிய ஆபரேஷன் எதுக்கு?" என்று அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் பலர் கேட்டீர்கள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த நினைவு மலரில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது பொழிச்சலூரில். அப்பா பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு அத்தோடு நின்றது. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துப் பல்லாவரத்தில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். யாருடைய ரிப்போர்ட்டாவது மோசமாக இருந்தால் அதைக் கவரில் போட்டு நீட்டமாட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்பார். என் கணவர் இறந்த பிறகு நான் தாம்பரத்துக்கு அக்காவோடு வந்துவிட்டேன். எனக்கும் பிள்ளைகள் இல்லை. பதினோரு வருடம் அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

திடீரென்று ஒரு நாள் அக்காவின் கண்கள் மஞ்சளாயின. உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேனில் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. இரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டரிடம் கொடுக்கும் முன்பே அக்கா படித்துவிட்டார். "கிரியாட்டினின் ஏறியிருக்குடி. கிட்னியும் சரியில்ல" என்றார். மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகளும் காமாலையும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பலவீனமாக்கியிருந்தன. பித்தநீர் இறங்கக் குழாய் வைத்து மூன்று வாரம் காத்திருந்தோம். கிரியாட்டினின் அளவு குறைந்தது, ஆனால் சரியாகவில்லை.

அறுவை மருத்துவர் ஒளிக்காமல் பேசினார். "கட்டியை எடுக்கலாம்மா. ஆனா தைச்ச இடத்துல கணையநீர் கசிஞ்சு இன்ஃபெக்ஷன் ஆச்சுன்னா, இந்த கிட்னி தாங்காது. டயாலிசிஸ் வரைக்கும் போகலாம். வேணாம்னா, இந்தக் குழாயோடயே கொஞ்ச மாசம் வீட்ல இருக்கலாம். முடிவு உங்களோடது."

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா சொன்னார்: "நான் வீட்லயே இருந்துடறேன்டி."

நான் விடவில்லை. "நீயும் போயிட்டா நான் யாரோட பேசுவேன்?" என்று அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்கா என் தட்டில் இட்லி வைத்து, "சரி, பண்ணிக்கிறேன். மொதல்ல சாப்பிடு" என்றார். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். வற்புறுத்தியது நான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்கு நாட்கள் அக்கா தெளிவாக இருந்தார். நர்ஸ் வரும்போதெல்லாம், "சிஸ்டர், யூரின் எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டுக்கொள்வார். ஐந்தாம் நாள், ஆபரேஷனில் வயிற்றில் வைத்திருந்த வடிகுழாயில் வந்த நீரின் நிறம் மாறியது. கசிவு என்றார்கள். காய்ச்சல் ஏறியது, சிறுநீர் நின்றது, டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் மட்டும் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கூடத்து நாற்காலியில் இருப்பேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்று என் பையை அதில் வைத்துக்கொள்வேன். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் மட்டும் நின்று, "இன்னாம்மா, துன்னியா இல்லியா? உன்கூட யாரும் இல்லியா?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்வேன்.

பன்னிரண்டாம் நாள் மாலை அக்கா கண் திறந்தார். "நான்தான்கா தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

"ஆபரேஷனுக்குச் சம்மதம்னு கையெழுத்து போட்டது யாரு?"

"நீதான்."

"முப்பது வருஷம் ரிப்போர்ட் பார்த்தவடி நான். தெரிஞ்சுதான் போட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கும் இன்னும் கொஞ்ச நாள் உன்கூட இருக்கணும்னு ஆசை இருந்துச்சு" என்றார்.

பத்தொன்பதாம் நாள் விடியலில் அக்கா போய்விட்டார். அவர் அப்படிச் சொன்னதால் என் மனம் ஆறிவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாட்கள் ஆறுகிறது; சில நாட்கள் இல்லை. இன்றும் இரண்டு பேருக்கு அரிசி களைந்துவிட்டுப் பிறகுதான் நினைவு வருகிறது.

உண்மையை மறைக்காத மருத்துவருக்கும், டயாலிசிஸ் நடக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸுக்கும், ஜெபிக்க வந்த போதகருக்கும், இரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டு பாய்க்கும், இரண்டாம் வாரத்தில் கேட்காமலே எனக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த அந்தத் துப்புரவு அம்மாவுக்கும் என் நன்றி. இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டில் நினைவு ஜெபம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். டீ போடுகிறேன். சற்று நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.

தங்கை