எல்லோரும் மிகவும் திருப்தி

சுற்றுலாவியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் அறந்தாங்கியில் அடுத்த கேள்வி, விசா எடுத்துத் தருவீர்களா என்பதுதான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், கேட்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் கணவரும் அங்கேதான் இருந்தார். ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். மகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டத் தொடங்கும்போது பெட்டி கட்டுவார்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் சுற்றுலாவியல் துறையின் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். தற்காலிகம் என்ற சொல்லை நம்பிவிட வேண்டாம், அந்தத் தற்காலிகத்திலேயே எனக்கு முன்முடி நரைத்துவிட்டது. முனைவர் பட்டம் முடித்தால்தான் நிரந்தரம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எனக்கு நிரந்தரமானால் அவர் அங்கே வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். அதனால் போன் பேசும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் தீசிஸ் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்பார். எனக்குச் சுள்ளென்று வரும். ஏற்கெனவே ஒரு நெறியாளர் இருக்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்று வைத்துவிடுவேன். வைத்துவிட்டு, பாவம் என்று நானே கூப்பிடுவேன்.

கோவிலுக்கு வரும் பயணிகளின் மனநிறைவு என்பது என் தலைப்பு. மாவட்டத்தில் பேர்போன ஒரு கோவிலை எடுத்துக்கொண்டேன். எந்தக் கோவில் என்று சொல்லமாட்டேன், காரணம் போகப்போகத் தெரியும். குடிநீர், நிழல், கழிப்பறை, செருப்பு விடும் இடம் என்று வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றின் எதிரிலும் மிகவும் அதிருப்தியில் தொடங்கி மிகவும் திருப்தி வரை ஐந்து கட்டங்கள். பாடப்புத்தகத்தில் இருந்த முறைப்படி அச்சுப்பிசகாமல் செய்திருந்தேன். விடுமுறை நாளெல்லாம் கோவில் வாசலில் வேகாத வெயிலில் நின்று, சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர்களிடம் நிரப்பி வாங்கினேன்.

அத்தனை பேரும் மிகவும் திருப்தி. தண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த நாளிலும் குடிநீர் மிகவும் திருப்தி. கழிப்பறையில் பூட்டுத் தொங்கியது, அதுவும் மிகவும் திருப்தி. ஒரே ஒருவர் ஏதோ நினைப்பில் வெறும் திருப்தி என்று ஒரு டிக் போட்டுவிட்டார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மோட்டார் சைக்கிளில் விரட்டிக்கொண்டு வந்து, எங்கம்மா திட்டுகிறது, திருத்திக் கொடுத்துவிடுகிறேன் என்று தாளைக் கேட்டு வாங்கினார். திருத்திவிட்டு, கோவில் இருந்த பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நெறியாளர் நல்ல மனிதர், ஆனால் சிரிக்காமலே ஆளை வாருவார். என் புள்ளிவிவரத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தோம். எல்லா விடையும் ஒன்றாக இருந்தால் எதோடு எதை ஒப்பிடுவது? மென்பொருள் கணக்குப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டது. கோவிலுக்கு வந்தவர் எல்லாரும் ஒரே ஆள்தானா அம்மா, அவருக்கு அலுக்கவே இல்லையா என்று கேட்டார் நெறியாளர். பிறகு ஒரு வெற்றுப் படிவத்தை என்னிடமே நீட்டி, நீங்கள் பார்த்ததை நீங்களே நேர்மையாக நிரப்புங்கள் என்றார். பேனாவை எடுத்தேன். கழிப்பறை என்ற இடத்தில் கை அதிருப்திப் பக்கம் போகவே இல்லை. இத்தனை படித்து என்ன, நானும் ஐந்தாவது கட்டத்தில்தான் டிக் போட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ சொல்லிவிட்டார்.

ஆனால் அது சிரிக்கிற நிலைமை இல்லை. பல்கலைக்கழகம் ஏற்கெனவே காலம் நீட்டித்துக் கொடுத்திருந்தது, இனி ஒரு நீட்டிப்பு கிடையாது. அந்த வாரம் கணவர் போனில், லீவில் வந்தால் மகளுக்குப் பள்ளிக்கூடச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஓட்டக் கற்று வெகுநாள் ஆகியிருந்தது. ஊகும், விடக்கூடாது என்று மறுபடியும் கோவிலுக்குக் கிளம்பினேன்.

அன்றைக்குக் கீரமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்திருந்தது. சாமி கும்பிட்டுவிட்டுப் புளியமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படிவத்தோடு போய் நின்றதும், வேனை ஏற்பாடு செய்து எல்லாரையும் கூட்டி வந்திருந்த அம்மாள், எழுதுவதெல்லாம் அப்புறம், முதலில் சாப்பிடுங்கள் என்று இலையைப் போட்டுவிட்டார். நானும் வெறுத்துப்போய்ப் படிவத்தைப் பையில் திணித்துவிட்டு உட்கார்ந்தேன். புளிச்சோற்றுக்கு நடுவே அந்த அம்மாள் பொரிந்து தள்ளினார். குடிக்கத் தண்ணீர் இல்லையாம், கால் வைக்க முடியாத சூடாம், பெண்பிள்ளைகள் ஒதுங்க ஒரு மறைவு இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில், இதையெல்லாம் படிவத்தில் போடவேண்டியதுதானே, எல்லாரும் மிகவும் திருப்தி என்றுதானே எழுதுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

"சாமி இருக்குற எடத்துக்குப் போயி கொறச்சுப் போடலாமாங்க? ஒங்களுக்கே அது நல்லாருக்கா?"

நல்லாயில்லைதான். என் கையே போகவில்லையே, அவர்களை என்ன சொல்வது. கை கழுவ எழுந்து வேன் பக்கம் போனேன். உள்ளே குடம் குடமாகத் தண்ணீர். விரிக்க ஜமுக்காளம். கால் சுடாமலிருக்க நனைத்து வைத்த சாக்கு. பின்சீட்டில் ஒரு பழைய சேலையும் இரண்டு கம்பும். சேலை எதற்கு என்று கேட்டேன். பெண்பிள்ளைகளுக்குங்க, கம்புல மறைப்பாக் கட்டிப் பிடிச்சுக்கிறது என்றார்கள். வீட்டிலிருந்து வரும்போதே கோவிலில் எதெது இல்லை என்று கணக்குப் போட்டு, படிவத்தில் ஒரு குறை எழுத மனமில்லாமல், அதையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்குக் கழுவிய கையைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

புதுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: வீட்டிலிருந்து என்னென்ன கொண்டு வந்தீர்கள்? நெறியாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இது சுற்றுலா ஆராய்ச்சியா, வீடு காலி பண்ணுகிற ஆராய்ச்சியா என்றார். இரண்டு நாள் அவரோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில், செய்து பாருங்கள், என் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று விட்டார். இந்த முறை கேட்டதும் மக்கள் கொட்டினார்கள். கொண்டு வந்ததைச் சொல்வதில் சாமி குற்றம் எதுவும் இல்லையே. விடைகள் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தன, மென்பொருளும் மறுபேச்சில்லாமல் கணக்குப் போட்டது.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது எங்கள் துறையில் ஒரு சம்பிரதாயம். வழக்கமாக வருவது நாலு மாணவர்களும் டிபன் கொண்டுவருபவரும்தான். என் மாமியார் அந்த அறிவிப்பை நிஜமென்று நம்பிச் சொந்தபந்தம் அத்தனையையும் பட்டுச்சேலையில் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில், தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடுகடுவென்று இருந்தார். மனநிறைவை அளக்கப் போய் மூட்டையை அளந்திருக்கிறீர்களே என்று தொடங்கி, முறையியலைக் குடைந்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பதில் சொன்னேன். பழைய சேலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

கடைசியில், அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்று மடிக்கணினியை மூடப்போனேன். மாமியார் எழுந்துவிட்டார்.

"நீங்க பெரியவங்க, ஒரே ஒரு சந்தேகங்க. எம் மருமக எழுதுனது புரிஞ்சிருச்சு. கக்கூசு எப்பங்க கட்டுவாங்க?"

பட்டம் போச்சு, வேலை போச்சு, கணவர் இனி வளைகுடாவிலேயேதான் என்று நினைத்தேன். போனுக்குள் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தேர்வாளர் பேனா மூடியைத் திறந்து, இந்தக் கேள்வியை அப்படியே பரிந்துரை அத்தியாயத்தில் முதல் வரியாகச் சேருங்கள், அந்த ஒரு திருத்தத்தோடு பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்றார். முன்வரிசையில் கைதட்டல் அடங்க நேரமாகியது.

நிரந்தர ஆணை வந்து, கணவர் அங்கே கணக்கு முடித்து ஊர் வந்து சேர இன்னும் சில மாதங்கள் பிடித்தன. வந்த மறுநாள் காலையில் காய் வாங்க இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவரை யாரும் வாங்க என்று சொல்வதில்லை, எத்தனை நாள் லீவு என்றுதான் வரவேற்பார்கள். காய்க்கடைக்காரரும் தராசில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே அதைத்தான் கேட்டார். இவர் வழக்கப்படி வாயைத் திறந்து, நாள் கணக்கைச் சொல்லப்போய், நிறுத்திக்கொண்டார்.

"லீவு இல்லண்ணே," என்றார். "வந்துட்டேன்."

கடைக்காரர், நல்லது நல்லது என்று ஒரு காயைக் கூடுதலாகப் போட்டார். எனக்கு அங்கேயே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. இவர் பதறிப்போய் என்ன என்ன என்றார்.

"ஒண்ணுமில்லங்க," என்றேன். "கத்தரிக்கா வெல ரொம்பக் கூடிப்போச்சு."