எதிர் நாற்காலி

வேதாரண்யம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. தஞ்சாவூரில் நான் படித்த பல்கலைக்கழகத்து நூலகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைகிறேன். புத்தக அலமாரிகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கீழே வாசிப்புக்கூடம் இருந்த இடத்தில் காபி மெஷின், கலர் கலராய் மெத்தைகள், நான்கு நான்கு நாற்காலி போட்ட வட்ட மேசைகள். ஒரே பேச்சும் சிரிப்பும். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல வாய் வரவில்லை. ஒற்றை ஆளுக்கு மட்டும் இடமில்லை. அந்தக் காலத்தில் இங்கே எல்லாருமே தனித்தனியாகத்தான் உட்கார்ந்திருப்போம். அதனால் யாரும் தனி ஆளாகத் தெரிந்ததில்லை.

காபியோடு ஒரு மேசையில் உட்காருகிறேன். ஒரு மாணவி வருகிறாள்.

"சார், இங்க யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லம்மா, எடுத்துக்க."

நாற்காலியைப் பக்கத்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். அங்கே கூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வந்து இன்னொன்றையும் கேட்டு எடுத்துப் போகிறாள். எனக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர்க்காரன்தானே நானும். கைக்குட்டையை எடுத்து அதன்மேல் போடுகிறேன்.

மறுபடி வந்தவள் கைக்குட்டையைப் பார்த்து நிற்கிறாள்.

"சாரி சார். ஆள் வர்றாங்களா?"

"ஆமாம்மா. வந்துக்கிட்டிருக்காங்க."

தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போகிறாள். அதற்கப்புறம் வாசலில் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவளும் பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன்.