நொட்டாங்கை அமாரிஸ் மறுபடி பந்தெடுத்த வருஷம்

அமாரிஸ் பெகேரோவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொட்டாங்கை என்றால்தான் தெரியும். சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் பேஸ்பால் ஆடிப் பிழைத்துவிடலாம் என்று கிளம்பியவர்கள்தான். இடது கையால் பந்து வீசி, அமெரிக்கா வரைக்கும் போய், அங்கே பெரிய அரங்கங்களில் ஏழெட்டு வருஷம் நின்று ஆடிவிட்டு வந்தவன் அவன் ஒருத்தன்.

அங்கேதான் முழங்கை போனது. மணிக்கட்டிலிருந்து தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டினார்கள். ஒரு வருஷம் நன்றாக இருந்தது. அப்புறம் தோள் மக்கர் செய்தது. கடைசியில் ஒருநாள் அணி மேலாளர் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே இவன் எழுந்து கைகொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது.

ஊருக்கு வந்த புதிதில் குறை ஒன்றும் தெரியவில்லை. வீடு கட்டியிருந்தான். வீட்டின் முன்பக்கத்தில் மனைவி யானிரிஸ் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தாள். மூலைக்கடை வாசலில் டோமினோ ஆட நாலு பேர், குளிர்ந்த பீர், மாசத்துக்கு ஒரு ஞானஸ்நான விருந்து என்று பொழுது போனது. இரண்டாம் வருஷம் டோமினோ கட்டைகளை மேஜையில் அறைந்து வைக்க ஆரம்பித்தான். மூன்றாம் வருஷம் அவனோடு ஆட ஆள் வரவில்லை. சும்மா உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது பழைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வான். கேட்காவிட்டால் முகம் தொங்கிவிடும்.

நாலாம் வருஷம் கடற்கரைக்குப் போன இடத்தில், தண்ணீரில் மிதந்த ஒரு பாட்டிலைக் குறிபார்த்துக் கல்லை வீசினான். பாட்டில் உடைந்தது. கை வலிக்கவில்லை. இன்னொன்று வீசினான். அப்போதும் வலிக்கவில்லை. புத்தி கெடுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாளே ஃபாஸ்தோவைப் பார்க்கப் போனான். ஃபாஸ்தோ ஒரு காலத்தில் இவன் வீச, அந்தப் பந்துகளைக் குந்தி உட்கார்ந்து பிடித்தவன். இப்போது குளிர்கால ஆட்டத்தில் உள்ளூர் அணியான நாரைகளுக்கு அவன்தான் மேலாளர்.

"நாலே பந்து பாரு. புடிக்கலைன்னா நானே போயிடறேன்."

"நாலு பந்துல எவனும் நல்லாத்தான் இருப்பான். நாப்பதாவது பந்துல நீ எங்க இருப்பே, ஆஸ்பத்திரியிலயா?"

"சும்மா பாருடா."

ஃபாஸ்தோ அவனை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கு எதுக்குடா இதெல்லாம்? வீடு இருக்கு. பொண்டாட்டி ராஜா மாதிரி வெச்சுப் பாத்துக்கறா. தொப்பை வேற நல்லா வெளஞ்சிருக்கு. என்னைப் பாரு, குந்துனா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும்."

"வீட்ல உக்காந்திருந்தா நான் யாருன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது ஃபாஸ்தோ."

ஃபாஸ்தோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "பாப்போம்" என்றான்.

அமாரிஸ் தொப்பையைக் கரைக்க ஆரம்பித்தான். விடிந்ததும் கரும்புத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடினான். காலையில் மசித்த வாழைக்காயும் பொரித்த இறைச்சியும் ஒரு தட்டு நிறையச் சாப்பிடுகிறவன், இப்போது பாதித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். யானிரிஸின் கடையில் தலையில் சுருள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது.

"என்னடி, உன் புருஷன் திரும்ப ஆடப் போறானாமே?"

"ஆமா. எனக்கும் பதினெட்டு வயசு திரும்பப் போவுது. பாத்துக்கிட்டே இருங்க" என்றாள் யானிரிஸ். கடை முழுக்கச் சிரிப்பு. உள்ளே கையில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு படுத்திருந்தவனுக்கு எல்லாம் கேட்டது.

நாரைகள் அணியில் இரண்டு இடது கை வீச்சாளர்கள் இருந்தார்கள். ஒருவன் கால் பிசகி உட்கார்ந்தான். இன்னொருவனை ஜப்பான் அணிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபாஸ்தோ போன் செய்தான். "வா. ஆனா ஒண்ணு, நான் இறக்கும்போதுதான் இறங்கணும். நான் போதும்னா பந்தைக் குடுத்துட்டு வந்துடணும். மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"மாட்டேன்."

முதல் ஆட்டத்தில் அவன் மைதானத்தின் நடு மேட்டில் ஏறி நின்றபோது ஊரே கைதட்டியது. முதல் பந்து வீசினான். ஸ்கோர் பலகையில் பந்தின் வேகம் விழுந்தது. ஒரு காலத்தில் அவன் வீசியதைவிட மணிக்குப் பத்து மைல் குறைவு. கைதட்டல் மெல்ல அடங்கியது. அடுத்தடுத்து மூன்று பேர் அடித்தார்கள். பந்து வேலி தாண்டவில்லை, அவ்வளவுதான் ஆறுதல். இரண்டாவது ஆட்டத்தில் வேலியும் தாண்டியது. மூன்றாவதில் ஊர்க்காரர்களுக்கு நாக்கு வந்துவிட்டது.

"ஏ நொட்டாங்கை! பந்தை வீசினியா, இல்ல பஸ்ஸுல ஏத்தி அனுப்பிச்சியா?"

"அவரு கையத் தூக்கும்போது பீர் வாங்கப் போனேன்யா. வாங்கிக் குடிச்சும் முடிச்சாச்சு, பந்து இன்னும் வந்து சேரல!"

அவனுக்குக் கோபம் வரவில்லை. மைதானத்தில் திட்டு வாங்குவதும் மைதானத்தில் இருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டான். கை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. ஆட்டத்துக்கு மறுநாள் தலை சீவக்கூட அது எட்டவில்லை. யானிரிஸ்தான் சீவிவிட்டாள். சீவும்போது அவள் ஒன்றும் பேசமாட்டாள். அதுதான் அவனுக்கு ஊர்க்காரர்கள் பேச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம் தலைநகர் அணியோடு. நாரைகள் மீள முடியாத அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். தோற்கப்போகிற ஆட்டத்துக்கு நல்ல ஆளை வீணாக்குவானேன் என்று ஃபாஸ்தோ அமாரிஸை இறக்கினான். இவன் எப்படியோ இரண்டு பேரை வெளியேற்றிவிட்டான். மூன்றாவதாக மட்டையோடு வந்தவன் யோர்டி அல்மான்சார்.

யோர்டியும் ஆலைத் தெருக்காரன்தான். இருபத்திரண்டு வயது. அமெரிக்க அணிக்காரர்கள் அவனை வளைத்துப் போட்டிருந்தார்கள். குளிர்காலத்துக்குத் தலைநகர் அணிக்கு ஆட வந்திருந்தான். அவன் அக்கா யானிரிஸின் கடையில்தான் வேலை பார்த்தாள். அந்த வருஷம் அவனுக்கு வீசப்பட்ட பந்துகளில் பாதி, வேலிக்கு அப்பால் இருக்கிற தகரக் கூரைகளில் போய் விழுந்துகொண்டிருந்தது.

முதல் பந்தை யோர்டி விட்டான். ஸ்ட்ரைக். இரண்டாவதை வெளியே தட்டிவிட்டான். அதுவும் ஸ்ட்ரைக். மூன்று விழுந்தால் ஆள் அவுட். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றாவதாக அமாரிஸ் கடைசி நேரத்தில் வளைந்து விழுகிற பந்து ஒன்றை வீச நினைத்தான். விரலைவிட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது, அது வளையவில்லை. தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி நடுவில், இடுப்பு உயரத்தில், மெதுவாகப் போய்த் தொங்கியது.

யோர்டி சுழற்றினான். மட்டை பந்துக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் காற்றில் போனது.

அரங்கம் எழுந்து நின்றது. ஆலையில் சங்கு ஊதினால்கூடக் கேட்டிருக்காது, அப்படி ஒரு சத்தம். பீர் வாங்கப் போனவன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். அமாரிஸ் மேட்டிலிருந்து இறங்காமல் யோர்டியையே பார்த்தான். அவுட் ஆனால் மட்டையைத் தொடையில் வைத்து உடைக்கிறவன் அவன். அன்று மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடந்து போனான். குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடித்தவனும் வந்து முதுகில் தட்டவில்லை. முகமூடியைக் கழற்றி அதைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தின் அடியில் போகிற நடையில் அமாரிஸ் யோர்டியை நிறுத்தினான்.

"ஏன்டா அப்படி ஆடினே?"

"எப்படிண்ணே?"

"நடுவுல தொங்குச்சுடா அந்தப் பந்து. எங்கம்மா இருந்திருந்தா அவளே அடிச்சிருப்பா."

யோர்டி சுவரைப் பார்த்தான். "ஜனங்க எந்திரிச்சு நின்னாங்கல்லண்ணே."

"அது எனக்கா நின்னாங்க?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு? விடுங்கண்ணே. நாங்க ஜெயிச்ச ஆட்டம், எனக்கு அதுல ஒண்ணும் கொறயல."

அவனை அறைய வேண்டும் போல இருந்தது அமாரிஸுக்கு. ஆனால் அடிக்க வேண்டிய கை, வீசி முடித்த பிறகு தோளுக்கு மேலே வராது என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் நடையின் அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். மெக்சிகோ அணிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் எவேலியோ.

"பெகேரோ! யோர்டியையே மண்ணக் கவ்வ வெச்சிட்டீங்களே! வடக்க ஒரு அணியில இடது கை ஆள் கேக்கறாங்க. வசந்தத்துல ஆரம்பம். வர்றீங்களா?" என்றவர், யோர்டி பக்கம் திரும்பி, "நீ சொல்லு தம்பி. பந்து நெஜமாவே அப்படி இருந்துச்சா?" என்றார்.

யோர்டி அமாரிஸின் முகத்தைப் பார்த்தான். அமாரிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"என்னால தொடவே முடியலீங்க" என்றான் யோர்டி.

அமாரிஸ் எவேலியோவுக்குக் கைகொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் யானிரிஸிடம் கேட்டான். "நீதான் அவன் அக்காகிட்ட சொல்லி விட்டியா?"

விஷயம் என்னவென்று முழுக்கக் கேட்டபின் அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "நானா? நான் சொல்லியிருந்தா, மூஞ்சியப் பாத்து ஓங்கி அடிடான்னு சொல்லியிருப்பேன். அப்பவாவது நீ வீட்டுக்கு வந்து சேந்திருப்பே."

"மெக்சிகோ கூப்புடறாங்க."

"உனக்கே தெரியுது, அது பிச்சைன்னு. தெரிஞ்சுமா போறே?"

"போய்ட்டா அங்க நெஜமா வீசிடலாம்ல."

பெட்டியில் அவன் சட்டைகளை அவளேதான் மடித்து வைத்தாள்.

மெக்சிகோவின் வடக்கே அந்த ஊரில் வெயில் கல்லையே வேகவைத்தது. அணியில் எல்லாரும் அவனைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். "தாத்தா, மருந்து தடவியாச்சா?" என்பார்கள். கெட்ட பையன்கள் இல்லை. முதுகில் மருந்து தடவியும் விடுவார்கள். ஓரிரு ஆட்டங்கள் தள்ளாடித் தாண்டினான். ஒருநாள் உண்மையாகவே ஒருவனை மூன்று பந்தில் வெளியேற்றினான். அன்று கையில்லாத ஆள் போல மறுநாள் வரைக்கும் படுத்துக் கிடந்தான். ஆனாலும் யானிரிஸுக்குப் போன் செய்து, "இன்னிக்கு நெஜம்" என்றான். "சரி. சாப்டியா?" என்றாள் அவள்.

அடுத்த வாரத்து ஆட்டம் ஒன்றில், பந்தை விடும்போது முழங்கைக்குள் பச்சைக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். பந்து எங்கோ கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மேலாளர் ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல. வேர்வையில வழுக்கிடுச்சு" என்று இன்னொரு பந்தை வாங்கினான். விரல்கள் மடங்கவில்லை. பந்து கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி விழுந்தது. நடுவர் மெல்ல நடந்து வந்து பந்தைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடலாம், எழுதலாம், யாரையாவது பாத்தா கைகுலுக்கலாம். பந்து மட்டும் வேண்டாம்" என்றார் மருத்துவர்.

ஊர் திரும்பியபோது கடையில் இருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி எழுந்து நாற்காலி போட்டாள். முன்பு சிரித்தார்களே, அதுவே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கோடையில் யோர்டி அமெரிக்காவில் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். மூலைக்கடைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்ப்பார்கள். "இவனைத்தானே நம்ம நொட்டாங்கை அன்னிக்கு காத்துல வீச விட்டான்!" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லாரும் அவன் பக்கம் திரும்புவார்கள். முதல் தடவை தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, பந்து எப்படி வளைந்தது என்று கையால் காட்டவும் ஆரம்பித்தான். காட்டி முடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான்.

குளிர்காலம் நெருங்கியதும் ஃபாஸ்தோவுக்குப் போன் செய்தான். அவன் எடுக்கவில்லை. நிகரகுவாவில் ஓர் அணியின் நம்பரை எங்கோ பிடித்து அங்கே பேசினான். வயசு என்ன என்று கேட்டார்கள். நாலு வயதைக் குறைத்து முப்பத்தாறு என்றான்.

"கை எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"சரி, பாத்துட்டு சொல்றோம்."

போனை மடியிலேயே வைத்துக்கொண்டான். குளிக்கும்போதுகூட ஜன்னல் திட்டில் வைத்தான்.

"அவங்க கூப்பிட மாட்டாங்க அமாரிஸ்" என்றாள் யானிரிஸ், அவன் தலையைச் சீவிக்கொண்டே.

"தெரியும்" என்றான்.

தலை சீவி முடிந்ததும் பழைய பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஆலையின் பின்சுவருக்குப் போனான். கரும்பு அரவை ஓய்ந்த மாதம், ஆள் நடமாட்டம் இல்லை. மேட்டுக்கும் மட்டையாளனுக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நின்று வீசினான். பந்து சுவரை எட்டுமுன் தரையில் விழுந்து, உருண்டு போய் மோதி நின்றது. போய் எடுத்தான். திரும்பி வரும்போது பழைய இடம் வரைக்கும் வராமல், கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொண்டு மறுபடி வீசினான்.