கிரிவலத்தோடு பல்லும்

"கிரிவலத்துக்கு வந்த இடத்தில் பல்லும் கட்டிக்கொள்ளட்டுமா?" என்று போன வருஷம் எங்கள் மாடியில் தங்கியிருந்த ஜெர்மன்கார அம்மா மார்த்தா கேட்டார்.

"நாற்று நட்டவர் வேர் பிடிக்கும்வரை வயலை விட்டு நகரமாட்டார். நீங்கள் அடுத்த வாரமே விமானம் ஏறுகிறீர்கள்" என்றேன்.

இங்குள்ள பல் கிளினிக்கில் தைரியம் சொன்னார்கள். கட்டிக்கொண்டு போனார்.

இன்று வீங்கிய தாடையோடு வந்து நிற்கிறார். பல்லுக்காகத் தாடை எலும்பில் யாரோ வைத்த திருகில் கைவைக்க அவர் ஊர் டாக்டர் மறுத்துவிட்டாராம்.

கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன்.

"கிளம்பும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு? அந்த டாக்டர் இப்ப இங்க இல்லீங்க" என்றார் மேனேஜர், போனிலிருந்து நிமிராமல்.

"பல்லைப் பார்த்து வேலை செஞ்சீங்களா, பிளைட் டைமைப் பார்த்தா?"

"சத்தம் கம்மியா பேசுங்க சார். பேஷன்ட்டுங்க இருக்காங்க."

"அப்போ இவங்க யாரு?"

மேனேஜர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

வெளிநாடு போய்ப் பல் கட்டிக்கொள்கிறவர்கள் நாற்காலியில் சாயும் முன் கேட்டுப் பாருங்கள்: "ஊருக்குப் போன பிறகு வீங்கினால் யார் பார்ப்பார்கள்?"