ஜன்னலில் ஒரு தலை

கண்ணாடிக்கடைக்காரருக்கு உறவு வட்டாரத்தில் இன்னொரு பெயர் உண்டு. நகருங்க மாமா. அவர் காதில் விழாத தூரத்தில்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அவர் மனைவி நெடுநாள் நம்பியிருந்தாள். ஒரு நாள் பார்த்தால் அவரே தொலைபேசியில், "நான்தான்ப்பா, நகருங்க மாமா பேசறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டப்பெயரின் குத்தல் அவருக்கு உறைக்கவே இல்லை. தன் கொள்கைப் பிடிப்பைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

கொள்கை இதுதான்: அவர் கேமராவில் எடுக்கும் படத்தில் மனிதத் தலை இருக்கக்கூடாது. நீராவி எஞ்சின், டிராம் வண்டி, கையால் பம்பு அடிக்கும் தீயணைப்பு வண்டி, மணிக்கூண்டு, தூண் வரிசை உள்ள பழைய நீதிமன்றம், எதுவாக இருந்தாலும் சரி. அதை மனிதர்கள் செய்தார்கள், மனிதர்கள் ஓட்டினார்கள் என்பதற்கான தடயம் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. வாரம் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு அளவெடுத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுச் சலித்தவருக்கு விடுமுறையிலும் முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் போனதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அவர் மட்டும் பார்க்காமல் இருந்தால் போதாதே. டிக்கெட் வாங்கி அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையெல்லாம், ஈ ஓட்டுவதுபோலக் கையை வீசி, "நகருங்க, கொஞ்சம் நகருங்க, இன்னும் கொஞ்சம்" என்று சுவரோடு சுவராக ஒட்டவைப்பார். காவலாளியையே ஒருமுறை நாற்காலியோடு நகர்த்தியிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் மனைவியை டிராம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். அவள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, டிராமின் பித்தளைக் கம்பியை ஒரு கையால் பிடித்து, படத்துக்கு நிற்பதுபோல் நின்று சிரித்தாள். அவர் கேமராவைக் கீழே இறக்கினார்.

"நீ அந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கோயேன்" என்றார்.

அன்றைக்குத் தூணுக்குப் பின்னால் போனவள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அவர் கட்டடங்களின் முகப்பைப் பார்த்தார். அவள் பக்கவாட்டுச் சுவர்களையும் கழிவறைக்குப் போகும் வழியையும் பார்த்தாள். தோளில் லென்ஸ் பை, கையில் மடக்கு ஏணி. ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் வந்து ஆல்பத்தைப் புரட்டுவார்கள்.

"ஏன் மச்சான், அக்கா இந்த டூருக்கு வரலையா?" என்று மனைவியின் தம்பி ஒருமுறை கேட்டான்.

"வந்தாளே! இதோ பாரு, இந்த எஞ்சினுக்கு வலது பக்கம், படத்துக்கு வெளியே நிக்கறா."

தம்பி ஆல்பத்தின் ஓரத்துக்கு வெளியே, மேஜைமேல், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்றால் மன்னித்துவிடலாம். ஒரு சங்கமே இருந்தது. பழைய வண்டி ரசிகர் சங்கம். உறுப்பினர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் ஏணி பிடிக்க ஒரு மனைவி. சங்கம் ஆண்டுதோறும் ஒரு நாள்காட்டி போடும். அதன் அட்டையில் தன் படம் வரவேண்டும் என்பதுதான் கண்ணாடிக்கடைக்காரரின் வாழ்நாள் ஆசை. மகள் படிப்பு முடித்தபோதுகூட, "நல்லது. அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி" என்றார். ஆனால் அவர் படம் ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரியில்தான் வந்தது. "பிப்ரவரியும் மாசம்தானே" என்பார் சங்கக் காரியதரிசி. குட்டை மாதம், சீக்கிரம் கிழித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

அட்டையைத் தட்டிக்கொண்டு போகிறவர் ஒரு பல் டாக்டர். போன ஆண்டு அவர் எடுத்த எஞ்சின் படத்தைக் கடையிலிருந்த பூதக்கண்ணாடியால் துழாவியபோது, வானத்தில் மின்கம்பி ஒன்று இருந்த இடத்தில் இல்லாததைக் கண்ணாடிக்கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். சங்கக் கூட்டத்தில் அவர் போட்ட கூச்சலில் அட்டை ரத்தானது. கூடவே அவர் எழுதிக்கொடுத்த விதியும் நிறைவேறியது: எடுத்தது எடுத்தபடி, ஒரு தூசியைக்கூட அழிக்கக்கூடாது. அட்டை வேறு யாருக்கோ போனது. இவருக்கு வழக்கம்போல் பிப்ரவரி.

இந்த ஆண்டு விட்டதைப் பிடித்துவிடும் வாய்ப்பு வந்தது. பல வருடம் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த நீராவி எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்து ஓடவிடுகிறார்கள். சங்கத்தார் ஒரு ரயிலையே வாடகைக்குப் பிடித்தார்கள்.

இந்தப் பயணங்களில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல வளைவாகப் பார்த்து ரயில் நிற்கும். கேமராக்காரர்கள் இறங்கிச் சரிவில் வரிசையாகக் குந்திக்கொள்வார்கள். ரயில் காலியாகப் பின்னுக்குப் போய், மறுபடி குபுகுபுவென்று புகை கக்கிக்கொண்டு, யாரையோ எங்கோ அவசரமாகக் கொண்டுபோகிற பாவனையில் ஓடிவரும். படம் எடுத்து முடித்ததும் தள்ளிப்போய் நின்று இவர்களை ஏற்றிக்கொள்ளும். காசு கொடுத்து ஏறிய ரயிலை, கீழே நின்று வேடிக்கை பார்ப்பதற்காகவே இறங்குகிறவர்கள் இவர்கள்.

வளைவு வந்தது. ரயில் நின்றது. மனைவி எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா, இறங்கு, இறங்கு. வெளிச்சம் போயிடும்."

"முட்டி வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

"இங்கயேன்னா? ரயிலுக்குள்ளயா?"

"ரயிலுக்குத்தானே டிக்கெட் வாங்கினோம்?"

வாக்குவாதத்துக்கு நேரமில்லை. சரிவில் நல்ல இடத்தையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "சரி, தலையை மட்டும் வெளியே நீட்டிடாதே. நல்லா குனிஞ்சுக்கோ. அட்டைப்படம்மா இது!"

"குனிஞ்சு என்ன பண்ணட்டும்?"

"எதையாவது தேடு. செருப்பைத் தேடு."

ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். பல் டாக்டருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ரயில் பின்னுக்குப் போனது, விசில் கேட்டது, மரங்களுக்கு மேலே கரும்புகை எழுந்தது. அப்படியொரு புகையை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. எஞ்சின் நெற்றியில் இருந்த எண் பலகையில் லென்ஸைக் குவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அமுக்கினார். அமுக்கியபோதே பார்த்துவிட்டார். மூன்றாவது ஜன்னலில் ஒரு தலை.

வெறும் தலையாக இருந்தாலும் பரவாயில்லை. சிரிக்கிற தலை. வாய்விட்டு, கழுத்தை வெளியே நீட்டி, ஒரு கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற தலை. வரிசை முழுக்க கேமராக்கள் படபடவென்று அடித்து ஓய்ந்தன. ரயில் கடந்துபோயிற்று.

"யாரு வீட்டம்மாய்யா அது?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் லென்ஸை வெகு கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கண்ணாடிக்காரர் வீட்டம்மாதான்" என்றார் பல் டாக்டர் உரக்க.

ரயிலில் ஏறி இருக்கைக்கு வந்தபோதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குனிஞ்சுக்கோன்னு சொன்னேனே!"

"குனிஞ்சுதாங்க இருந்தேன். செருப்பைக்கூடத் தேடினேன். தற்செயலா நிமிர்ந்தேன். இத்தனை வருஷமா உங்க எல்லாரையும் பின்னாடி நின்னுதானே பார்த்திருக்கேன்? முன்பக்கம் இப்படி இருக்கும்னு யாருங்க சொன்னா?"

"எப்படி?"

"வரிசையா குந்திக்கிட்டு, ஆளாளுக்கு ஒரு கண்ணை மூடிக்கிட்டு! நீங்க கன்னம் ரெண்டையும் உப்ப வெச்சிருந்தீங்க. டாக்டர் நாக்கைத் துருத்திக்கிட்டிருந்தார். உங்களுக்கெல்லாம் பின்னாடி ஒரு ஆடு நின்னு, தலையைச் சாய்ச்சு உங்களையே பார்த்துக்கிட்டிருந்துச்சு."

எதிர் இருக்கையில் பல் டாக்டரின் மனைவி ஏணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நிஜமாவா அக்கா? நாக்கையா?" என்றாள்.

அதற்குப் பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில், கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

அட்டைப்படத் தேர்வு காரியதரிசி வீட்டு மாடியில் நடந்தது. மனைவிமார்களை அழைக்கவில்லை. சுவரில் ஒவ்வொரு படமாகக் காட்டினார்கள். அதே வளைவு, அதே புகை, அதே சிரிப்பு. எடுத்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி மட்டும் மாறவே இல்லை.

"ஒரு தலைதானே? அழிச்சுட்டா போச்சு" என்றார் காரியதரிசி.

"விதி இருக்கே" என்றார் ஒருவர். எல்லாரும் விதியை எழுதியவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் கணக்குப் போட்டார். புகை அவர் படத்தில்தான் கொழுகொழுவென்று விழுந்திருந்தது. எண் பலகையும் அதில்தான் கத்தி மாதிரி இருந்தது. அந்தத் தலை மட்டும் போய்விட்டால் அட்டை அவருக்கே. எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"விதி நல்ல எண்ணத்துல போட்டதுதான். ஆனா சரித்திரத்துக்குக் குறுக்கே யார் வந்தாலும், கட்டின மனைவியே ஆனாலும், நீக்க நாம தயங்கக்கூடாது. என் தியாகமா இதை எடுத்துக்குங்க."

இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். பல் டாக்டர் எழுந்தார்.

"போன வருஷம் நான் அழிச்சது ஒரு கம்பி. வெறும் கம்பி! அது பாட்டுக்குச் சும்மா கிடந்துது, சிரிக்கக்கூட இல்ல. அதுக்கு இந்த மனுஷன் என்னைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுக் கேள்வி கேட்டார். கரண்ட் கம்பி இருந்தே ஆகணும், சொந்தப் பொண்டாட்டி போனா பரவாயில்லையா? நல்லா இருக்கே உங்க சரித்திரம்!"

மாடி அதிரச் சிரித்தார்கள். விதி அப்படியே நின்றது.

இனி தலையோடுதான் தேர்வு என்றானதும் படங்களை வேறு கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. எல்லாரும் எண் பலகையில் குவித்திருந்ததால், ஜன்னலில் ஒரு மங்கலான திட்டுதான் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் படத்தில் அது மிக மங்கல். ஜன்னலில் யாரோ துண்டு காயப்போட்டதுபோல இருந்தது. கடைசியாகப் பல் டாக்டரின் படம் வந்தது. ஒருவர் வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு எதிரே வந்தால் டாக்டரின் விரல் என்ன செய்யும்? தொழில் புத்தியில் நேராக அங்கேயே குவித்திருந்தது. எஞ்சின் மங்கிப்போய், புகை கலங்கிப்போய், நடுவில் ஒரு பெண் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட!" என்றார் காரியதரிசி. இத்தனை வருடத்தில் ஒரு படத்துக்கு அவர் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன ஆச்சு?"

"டாக்டர் படம். எனக்கு பிப்ரவரி."

"அதுல நான் எப்படி இருக்கேன்?"

"எண் பலகை சுத்தமா மங்கல்."

"நான் என்னைக் கேட்டேன்."

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே நினைவுக்கு வரவில்லை. அவர் எண் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாள்காட்டி வந்ததும் அவளே ஆணி அடித்துக் கடையில் மாட்டினாள், வாடிக்கையாளர் நாற்காலிக்கு நேர் எதிரே. புதுக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். "யாருங்க இது? என்ன ஒரு சிரிப்பு!" என்பார்கள். "சங்கத்து நாள்காட்டிங்க. மூக்குல அழுத்துதா?" என்பார் இவர்.

ஆனால் மனிதர் பாடம் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். மறு ஆண்டுப் பயணத்துக்குள் கொள்கையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார். "மனுஷன் இல்லாத எஞ்சின் வெறும் பழைய இரும்பு. இதை நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மகள் தொலைபேசியில் சிரித்தாள். மனைவிக்கு ஜன்னல் ஓர இருக்கையாகப் பார்த்து அவரே போட்டுக்கொடுத்தார்.

"நீ இறங்க வேண்டாம். முட்டி வேற வலிக்குது. தலையை நல்லா வெளியே நீட்டிக்கோ. போன தடவை மாதிரியே சிரி, என்ன?"

"சிரிப்பு வந்தா சிரிக்கறேன்" என்றாள் அவள்.

அதே வளைவில் கேமராக்காரர்கள் மட்டும்தான் இறங்கினார்கள். ஒரு மனைவியும் கூட வரவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முட்டி வலி வந்திருந்தது. ஏணிகளை அவரவரே சுமந்துகொண்டு போய்ச் சரிவில் குந்தினார்கள்.

ரயில் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எண் பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. லென்ஸை ஜன்னல்களின்மேல் ஓட்டினார். அவள் இருந்தாள். பக்கத்தில் பல் டாக்டரின் மனைவி. சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள் போலிருந்தது, தோள்கள் குலுங்கின. ஆனால் இருவரும் ரயிலின் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே எதையோ கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் பாரு!"

எஞ்சின் இரைச்சலில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் பொத்தானை அமுக்கியது.

ரயில் போனதும் திரையைப் பார்த்தார். அற்புதமான கூர்மை. கொண்டையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. க்ளிப்பின் பற்களை எண்ணிவிடலாம்.

பெட்டியில் ஏறியதும் நேராக அவளிடம் போனார். "அப்படி என்னத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தே?"

"ஆறுங்க! அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய ஆறு ஓடுது. போன தடவை நான் கவனிக்கவே இல்ல. நீங்களாவது சொல்லியிருக்கக்கூடாதா? போன வருஷமும் இங்கதானே இறங்கி நின்னீங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கேமராவைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எந்த ஆறு?" என்றார்.